துத்தநாகத்தில் எனாமலா? ஒரே தட்டில் கிடைத்த ஐந்து ஜெர்மன் பேட்ஜ்களில் எது அசல்?

சில்லறைத்தட்டு (இழையைத் தொடங்கியவர்)

பெர்லின் பழம்பொருள் சந்தையில் ஒரே தட்டில் இருந்த ஐந்து உருப்படிகள். முன், பின், விளிம்பு மூன்றுக்கும் படம் போட்டிருக்கிறேன். அளவெல்லாம் வெர்னியரில் எடுத்தது.

ஒன்று: நாஜிக் கட்சியின் சாதாரண உறுப்பினர் பேட்ஜ். விட்டம் 23.1 மி.மீ. பின்னால் ஆர்.இசட்.எம் (கட்சியின் உரிம அலுவலகம்) முத்திரையும் எம்1/72 என்ற எண்ணும். நெட்டூசி.

இரண்டு: ஹிட்லர் இளைஞர் அமைப்பின் சாய்சதுர பேட்ஜ். சாம்பல் நிற உலோகம். சிவப்பும் வெள்ளையும் செதில் செதிலாக உரிகின்றன.

மூன்று: அன்னையர் சிலுவை (பல பிள்ளைகள் பெற்ற தாய்மாருக்கு நாஜி அரசு கொடுத்த விருது), நீல எனாமல், ரிப்பனோடு.

நான்கு: தங்கக் கட்சிப் பேட்ஜ் என்று சொல்லி விற்றது. விட்டம் 29.9 மி.மீ. பின்னால் 108447 என்று எண்.

ஐந்து: மகளிர் அமைப்பின் முக்கோண பேட்ஜ். சில்லு எதுவும் பெயரவில்லை, பளபளவென்று இருக்கிறது. பின்னால் சின்ன முள், அதற்குப் பட்டாம்பூச்சி மூடி.

என் கணிப்பு: 1, 3, 5 அசல். 2 போலி, எனாமல் என்றால் பெயின்ட் மாதிரி உரியாதே. 4 எனக்குப் பிடிபடவில்லை.


பற்றாசு

நண்பரே, 2-ம் 5-ம் அப்படியே தலைகீழ்.

எனாமலைப் பார்ப்பதற்கு முன்னால் உலோகத்தைப் பாருங்கள். உண்மையான எனாமல் என்பது கண்ணாடிப் பொடி. அதை உலோகக் குழியில் நிரப்பி 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சூளையில் சுட வேண்டும். செம்பு தாங்கும். துத்தநாகம் குறைவாகக் கலந்த செம்புக் கலவையும் தாங்கும், ஜெர்மானியர்கள் டோம்பாக் என்பது அதைத்தான். துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும், அலுமினியம் 660-ல். ஆக, துத்தநாகத்தின் மேல் கண்ணாடி எனாமல் சுட யாராலும் முடியாது. போர் தொடங்கியபின் செம்பு குண்டுக்கும் தோட்டாவுக்கும் போய்விட்டது. பேட்ஜ் பட்டறைகளுக்குத் துத்தநாகம்தான் மிஞ்சியது, அதற்கு நிறம் ஏற்ற பெயின்ட்தான் வழி. உங்கள் இரண்டாவது உருப்படியில் பெயின்ட் உரிவது அதற்குச் சாதகமான சாட்சி. சாம்பல் உலோகத்தின் மேல் கெட்டியாக, வழவழவென்று 'எனாமல்' இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன், அது எபாக்சியாக, அதாவது ஊற்றி இறுகவைத்த பிளாஸ்டிக் பிசினாக இருக்கும்.

உலோகம் தெரிய சுரண்ட வேண்டாம். ஊசி பொருத்தியிருக்கும் இடத்தைச் சுற்றியும் விளிம்பின் மேட்டிலும் முலாம் தேய்ந்திருக்கும். அங்கே இளஞ்சிவப்போ மஞ்சளோ தெரிந்தால் டோம்பாக், நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் துத்தநாகம். களிம்பும் காட்டிக்கொடுக்கும்: பச்சை என்றால் செம்புக் குடும்பம், வெள்ளை மாவு என்றால் துத்தநாகம்.


பழங்காசு

பற்றாசு ஐயா, அப்படியானால் டோம்பாக் + கண்ணாடி எனாமல் = அசல் என்று எழுதிவிடலாமா? புதியவர்களுக்கு எளிதாக இருக்கும்.


பற்றாசு

கூடாது. இன்றைய போலிகளில் நல்லவை செம்பில் அச்சடித்து, கண்ணாடி எனாமலே சுட்டு வருகின்றன. கண்ணாடி என்பது முதல் வாசல், அவ்வளவுதான். எபாக்சி அங்கேயே நின்றுவிடும். கண்ணாடி உள்ளே வந்தபின் விளிம்பு, ஊசியை ஒட்டவைத்த பற்று (சால்டர்), ஊசி, எழுத்து எல்லாம் பார்த்தாக வேண்டும்.


லூப்பு10

முதல் வாசலை எப்படித் தாண்டுவது என்று சொல்கிறேன். 10 மடங்கு லூப்பு (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) போதும், 20, 30 என்று போனால் பார்வைப் பரப்பு சுருங்கித் தலைதான் சுற்றும். விளக்கைப் பக்கவாட்டில், பேட்ஜின் மேல் சரிந்து விழும்படி வையுங்கள்.

கண்ணாடி எனாமலை அரைத்து மெருகிட்டிருப்பார்கள். அதனால் எழுத்தின் உலோக மேடும் நிறமும் ஒரே மட்டமாக இருக்கும், விரல் நகத்தை ஓட்டினால் தடுக்காது. நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே, வயலுக்கு நடுவில் வரப்பு போல, உலோகக் கோடு ஒன்று ஓடும். கட்சிப் பேட்ஜில் 'நாட்சியோனால்-சோட்சியாலிஸ்டிஷே-டி.ஏ.பி.' என்ற எழுத்துகள் உலோக மேடுகள், சிவப்பு அவற்றைச் சுற்றிய பள்ளத்தில் இருக்கிறது. நடுச் சின்னத்தின் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலும் மெல்லிய உலோகக் கோடு உண்டு. எழுத்தை வெள்ளை மையில் அச்சடித்திருந்தால் அதற்குமேல் பார்க்கவே தேவையில்லை.

ஊற்றிய எபாக்சி ஒவ்வொரு குழியிலும் தண்ணீர்த் துளி போல நடுவில் மேடாக நிற்கும், அல்லது வற்றிப் பள்ளமாகக் கிடக்கும். அதற்குள் குமிழிகள் உருண்டையாக, முழுசாக மிதக்கும். கண்ணாடியில் குமிழி இருந்தால், அரைக்கும்போது மேல் பாதி போய் ஊசிமுனை அளவு குழியாகத் தெரியும், அதில் பழைய அழுக்கு கறுப்பாக அடைந்திருக்கும்.

உடைந்த சில்லு இருந்தால் அதிர்ஷ்டம் என்று நினையுங்கள். கண்ணாடி உடைந்த இடம் சிப்பி ஓட்டின் உட்புறம் போல வளைந்து, வளையம் வளையமாகப் பளபளக்கும். எபாக்சி பிய்ந்த ரப்பர் போலவோ, தட்டையான துண்டாகவோ பெயரும். தையல் ஊசி முனையை ஓரமாக ஒரு இடத்தில் மெதுவாக அழுத்தினால் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும், பிளாஸ்டிக்கில் குழி விழும். சூடாக்கிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சோதனையே இல்லை, சேதம்.

365 நானோமீட்டர் யூவி டார்ச் பையில் இருக்கட்டும். பல எபாக்சிகளும் நகப்பூச்சும் அதில் நீலம் கலந்து ஒளிரும். முழுப் பேட்ஜும் இருண்டிருக்க ஒரு மூலை மட்டும் ஒளிர்ந்தால், அசலில் சில்லு போன இடத்தை யாரோ நிரப்பியிருக்கிறார்கள். ஒளிரவில்லை என்பதால் அசல் என்று முடிவு கட்டாதீர்கள்.


அளவுகோல்

விளிம்பைப் பற்றி நான் சொல்கிறேன். பலரும் முன்பக்கத்தையே வெறித்துப் பார்த்துவிட்டு விளிம்பை விட்டுவிடுகிறார்கள்.

அசல்கள் எஃகு அச்சில் அழுத்தி அடித்தவை. அடித்தபின் ஓரத்தை வெட்டு அச்சு அறுத்தெடுக்கும். எனவே விளிம்பில் முன்னிருந்து பின்னாக மெல்லிய செங்குத்துக் கீறல்கள் தெரியும், சில சமயம் மேல்பாதி வழவழப்பாகவும் கீழ்ப்பாதி சொரசொரப்பாகவும் இருக்கும். வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி நடுவில் ஒரு தையல் கோடு ஓடும். அதை அரம் போட்டு மறைத்திருந்தால் கீறல்கள் குறுக்காக, சுற்றுவாக்கில் போகும். பின்பக்கத்தில் மணல் தூவியதுபோல நுண்குழிகள் இருந்தாலும் வார்ப்புதான்.

வார்ப்பு சுருங்கும். அசலையே அச்சுக்கு வைத்து வார்த்தால், உருகிய உலோகம் ஆறும்போது கொஞ்சம் சின்னதாகிவிடும். தங்கக் கட்சிப் பேட்ஜின் பெரிய அளவு 30.5 மி.மீ., குடியியல் உடையில் அணியும் சிறியது 24 மி.மீ. 4-ம் எண் 29.9 காட்டுகிறது. அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைவது அச்சடித்த சரக்கில் வரும் வேறுபாடு இல்லை. உங்கள் 1-ம் எண் 23.1, அது சாதாரணம்.

காந்தம் வைத்துப் பாருங்கள். டோம்பாக், துத்தநாகம், அலுமினியம் எதுவும் ஒட்டாது. ஊசி எஃகு, அது மட்டும் இழுபடும். உடம்பும் ஒட்டினால் கேள்வி கேளுங்கள்.

நீரில் நிறுத்து அடர்த்தி கண்டுபிடிக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். தூய துத்தநாகம் 7.1, டோம்பாக் சுமார் 8.7 என்பது சரி. ஆனால் எனாமல் கண்ணாடி 3-க்குப் பக்கம். டோம்பாக்கும் கண்ணாடியும் சேர்ந்த பேட்ஜ் சராசரியில் இறங்கி 7-க்கு அருகே நின்று, துத்தநாகம் என்று உங்களை ஏமாற்றும். நிறம் உரிகிற பேட்ஜை நீரில் முக்கவே கூடாது.


பழங்காசு

ஆர்.இசட்.எம் பற்றி யாரும் சொல்லவில்லை. எம்1/72 சரியான எண்தானே?


தொழிற்பட்டியல்

சரியான எண்தான். ஆனால் சரியான எண்ணைப் போலியிலும் போடலாம், அச்சுக்கு எண் தெரியாது.

ஆர்.இசட்.எம் என்பது ரைக்ஸ்சாய்க்மைஸ்டராய். மியூனிக்கில் இருந்த கட்சியின் கொள்முதல், தர நிர்ணய அலுவலகம். கட்சி அமைப்புகளின் சீருடை, சின்னம் எதையும் அதன் உரிமம் இல்லாமல் செய்ய முடியாது. அதற்கு முந்தைய ஆரம்ப காலப் பேட்ஜ்களில் 'கெஸ். கெஷ்.' என்று மட்டும் இருக்கும், 'சட்டப்படி பாதுகாக்கப்பட்டது' என்பதன் சுருக்கம். 1930-களின் நடுவிலிருந்து வட்டத்துக்குள் மூன்றெழுத்து முத்திரையும் எம்1/ என்று தொடங்கும் எண்ணும் வழக்கமாயின. எம்1 என்பது உலோகச் சின்னங்களின் பிரிவு, சாய்கோட்டுக்குப் பின்வருவது தயாரிப்பாளர் எண். 72 ஸ்டுட்கார்ட்டின் ஃபிரிட்ஸ் சிம்மர்மன். 17 லூடன்ஷைடின் அஸ்மன், 63 அதே ஊரின் ஸ்டைன்ஹவர் & லூக், 52 மியூனிக்கின் டெஷ்லர், 34 மார்க்நொய்கிர்ஷனின் கார்ல் வுர்ஸ்டர்.

எண்ணில் ஏமாறுவதற்கு இரண்டு வழி உண்டு. முதலாவது, பிரிவே தவறு: எம்7 குத்துவாள்களுக்கு, எம்9 ஒருநாள் கூட்டங்களுக்கு விற்ற மலிவுச் சின்னங்களுக்கு. உறுப்பினர் பேட்ஜில் எம்7 என்று இருந்தால் போலி செய்தவர் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்திருக்கிறார். இரண்டாவது, எண் சரி, எழுத்து தவறு. ஒரே பட்டறையின் உறுதியான அசல் படத்தைப் பக்கத்தில் வைத்து, 7-இன் கொம்பு, சாய்கோட்டின் சாய்வு, முத்திரை வட்டத்துக்கும் எண்ணுக்கும் உள்ள இடைவெளி மூன்றையும் ஒப்பிடுங்கள். அச்சு ஒன்று என்றால் இடைவெளியும் ஒன்றாகத்தான் இருக்கும். பின்னால் ஆங்கிலத்தில் 'ஜெர்மனி' என்று இருந்தால் ஒப்பிட வேண்டிய வேலையே மிச்சம்.


மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது, இடையில் ஒரு குறிப்பு. ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி இந்தச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதும் பரப்புவதும் குற்றம். ஆய்வு, கல்வி, வரலாற்று விளக்கம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. சந்தைக்காரர்கள் நடுச் சின்னத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைப்பது இதனால்தான். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. வாங்கியதைச் சட்டையில் குத்திக்கொண்டு ரயிலேறாதீர்கள். இங்கே வாங்கல் விற்றல் பேச்சு வேண்டாம்.

ஸ்டிக்கர் ஒட்டிய பேட்ஜை வாங்குவதற்கு முன், அதை ஓரமாக எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தரமான விற்பனையாளர் மறுக்க மாட்டார். பழுதுபார்த்த எனாமல் பெரும்பாலும் அந்த ஸ்டிக்கருக்கு அடியில்தான் இருக்கும்.


தொழிற்பட்டியல்

4-ம் எண்ணுக்கு வருகிறேன். அளவுகோல் அளவை வைத்தே சாய்த்துவிட்டார், எண் இன்னும் மோசம்.

தங்கக் கட்சிப் பேட்ஜ் 1933-ல் வந்தது. 1925-ல் கட்சி மறுபடி தொடங்கப்பட்டபின் சேர்ந்து, இடைவிடாமல் உறுப்பினராக இருந்து, உறுப்பினர் எண் 1,00,000-க்குள் இருப்பவர்களுக்கு. பின்னால் வெட்டியிருப்பது அந்த உறுப்பினர் எண்தான். 108447 அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஹிட்லர் தனிப்பட்ட முறையில் பிறருக்குக் கொடுத்தவையும் உண்டு. அவற்றின் பின்னால் 'ஏ.எச்.' என்ற முதலெழுத்துகளும் தேதியும் இருக்கும். உங்களுடையதில் அது இல்லை.

எண் வரம்புக்குள் இருந்தாலும் வெட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். எண் பேட்ஜின் மற்ற எழுத்துகளைப் போலவே வழவழத்து, மங்கலாக, வார்ப்போடு சேர்ந்து வந்திருந்தால் ஒரே அச்சில் நூறு பேட்ஜுக்கும் ஒரே எண் என்று அர்த்தம். அதே எண்ணுள்ள 'தங்கப் பேட்ஜ்' ஏலத் தளங்களில் இரண்டு மூன்று தென்படும்.

பெயர் தெரிந்தால் பெர்லின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் கட்சி உறுப்பினர் அட்டைகளைத் தேடச் சொல்லலாம். அட்டைகள் பெயர் வரிசையில் இருப்பதால் வெறும் எண்ணை வைத்துக்கொண்டு போனால் ஆகாது.


சில்லறைத்தட்டு

4 போச்சு, புரிந்தது. 5 ஏன் போலி? எனாமல் கண்ணாடிதான், ஊசி வழுக்கியது. மட்டமும் சரியாக இருக்கிறது.


பற்றாசு

பட்டாம்பூச்சி மூடி! அழுத்தினால் விடுபடுகிற அந்தப் பித்தளை மூடி அமெரிக்கப் பாணி. அன்றைய ஜெர்மன் பட்டறைகளில் நான்கு வகைதான் பொதுவாகப் பார்க்கலாம்: நெட்டூசி, கீலும் கொக்கியும் உள்ள கிடைமட்ட ஊசி, கோட்டின் பொத்தான் துளையில் மாட்டும் பிறைத் தகடு, தைப்பதற்கான துளை அல்லது வளையம். பூட்டு உருளும் நவீன சேஃப்டி பின்னும் இல்லை.

ஊசியை மாற்றியிருக்கலாமே என்று வாதாடலாம். அப்படியானால் பழைய பற்றுத் தடம் இருக்க வேண்டும். உங்கள் படத்தில் பின்பக்கம் புத்தம் புதிய தட்டு மாதிரி சுத்தமாக இருக்கிறது, முள் முளைத்த இடத்தில் மட்டும் பற்று. முள்ளோடு பிறந்த பேட்ஜ் அது.

பற்றைப் பற்றி இன்னொன்று. எனாமல் சுட்டபின் ஊசித் தகட்டை வைக்கும்போது அதிகச் சூடு கொடுத்தால் எனாமல் வெடிக்கும். அதனால் பொதுவாக ஈயம் கலந்த மென்பற்றுதான் போடுவார்கள். 80 ஆண்டுப் பழைய ஈயப்பற்று மங்கிய சாம்பலாக, மெல்லத் தூசு பூத்தது மாதிரி இருக்கும். கண்ணாடி போல மின்னும் பற்று அண்மைக் காலத்தது. மின்னும் பற்றைச் சுற்றி முன்பக்க எனாமலில் மயிர்க்கோடு போல விரிசல் இருந்தால், யாரோ அசலுக்குப் பின்னால் ஊசி மாற்றிச் சூடு காட்டியிருக்கிறார்கள்.


புதுமுகம்_ராட்டை

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். மண்ணிலிருந்து தோண்டி எடுத்தவை என்று விற்கிறார்களே, அவற்றில் பழமை இயல்பாகத் தெரியும் இல்லையா?


லூப்பு10

மண்ணில் புதைத்து வைத்தால் ஒரு மழைக்காலத்தில் எதுவும் பழசாகும், தம்பி. அம்மோனியா ஆவி, கந்தகக் கரைசல், உப்பும் வினிகரும் என்று வழி நிறைய. பார்க்க வேண்டியது வண்ணம் இல்லை, அது எங்கே படிந்திருக்கிறது என்பது. உண்மைக் களிம்பு எனாமல் ஓரத்தின் அடியிலிருந்து, உலோகம் காற்றைப் பார்க்கும் விரிசல் வழியாக ஊறி வரும். கைபடும் மேடுகளில் தேய்ந்து, பள்ளத்தில் தடித்திருக்கும். பூசிய களிம்பு மேடு பள்ளம் பாராமல் ஒரே சீராக, கீலுக்கு உள்ளேயும் புதிய சில்லுவின் உடைந்த முகத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ஈரப் பஞ்சில் தேய்த்தால் பச்சை மாவாகக் கையோடு வரும். எஃகு ஊசியில் துரு துளியும் இல்லாமல் உடம்பு மட்டும் பச்சையாக இருந்தாலும் கதை சரியில்லை. இரும்புதான் முதலில் போகும்.


அளவுகோல்

இன்னொரு குழப்பமும் சந்தையில் உண்டு. 1957 ஜூலையில் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டு, போர்க்காலப் பதக்கங்களை நாஜிச் சின்னம் நீக்கிய வடிவில் அணிய அனுமதித்தது. அந்த வடிவில் அப்போது புதிதாகச் செய்து விற்றார்கள். அவை போலி இல்லை, ஆனால் போர்க்காலத்தவையும் இல்லை. நடுவில் சின்னம் இல்லாத பதக்கத்தை 'சின்னத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள்' என்று விற்றால், சுரண்டிய தடம் எங்கே என்று கேளுங்கள்.


சில்லறைத்தட்டு

1, 2, 3 மூன்றையும் நீங்கள் சொன்னபடி பார்த்தேன்.

1: எனாமல் கண்ணாடி. வரப்புக் கோடுகள் முழுசாக உள்ளன. சிவப்பில் இரண்டு நுண்குழி, உள்ளே கறுப்பு அழுக்கு. விளிம்பில் செங்குத்துக் கீறல். ஆனால் ஊசியின் அடியில் பற்று வெள்ளிபோல மின்னுகிறது. அதற்கு நேர் முன்னால், எழுத்து 'என்' பக்கத்தில், மெல்லிய விரிசல்.

2: உரிந்த இடத்தில் சாம்பல் உலோகம், ஓரத்தில் வெள்ளை மாவு. விளிம்பில் தையல் கோடு இல்லை. முத்திரை கூர்மையாக இருக்கிறது.

3: பின்னால் '16. டெட்செம்பர் 1938' என்றும் கையெழுத்தும். எனாமல் கண்ணாடி, வளையத்தடியில் பச்சைக் களிம்பு. யூவியில் சிலுவை இருட்டு, ரிப்பன் மட்டும் நீல வெள்ளையாக எரிகிறது!


பற்றாசு

1: உடம்பு அசல், ஊசி பிற்காலத்தது. சந்தையில் இது நிறைய. ஊசி உடைந்திருக்கும், யாரோ ஒட்டி விற்றிருப்பார்கள். போரின் முடிவில் கட்சிக்குச் சுமார் 85 லட்சம் உறுப்பினர்கள், பேட்ஜ் அரிதே இல்லை. ஊசி மாறிய ஒன்றுக்கு முழு விலை கொடுக்கக் காரணமில்லை.

2: அசல், போரின் பிற்பாதிச் சரக்கு.

3: தேதியும் கையெழுத்தும் பரவலான வகைக்குப் பொருந்துகின்றன. ஆரம்ப வகையில் 'குழந்தை தாயை உயர்த்துகிறது' என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும், அது அரிது, அதனால் அதைத்தான் அதிகம் போலி செய்கிறார்கள். உங்களுடையதில் ரிப்பனின் ஒளிர்வு மட்டும் கேள்வி. வெளுப்புப் பொருள் கலந்த துணிகள் போருக்குப் பின்தான் பெருகின. ஆனால் பழைய ரிப்பனை இன்றைய சலவைத் தூளில் துவைத்தாலும் இதே மாதிரி எரியும். வளையத்துக்குள் மறைந்திருக்கும் மடிப்பைப் பிரிக்காமல் எட்டிப் பாருங்கள். அங்கே ஒளிர்வு குறைந்திருந்தால் துவைத்தது, அங்கேயும் சமமாக எரிந்தால் புது ரிப்பன். சிலுவை எப்படியும் அசல்தான்.


பழங்காசு

2-ஐச் சுத்தம் செய்து பெயின்ட் தொட்டுவிட்டால் அழகாக இருக்குமே?


பற்றாசு

தொடவே வேண்டாம்! தொட்டால் அதுவும் 5-ஆவது உருப்படி ஆகிவிடும். மெல்லிய உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள். மெருகுக் குழம்பு முலாமைத் தின்னும், எலுமிச்சையும் புளியும் சிவப்பு எனாமலை மங்கவைக்கும். அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் 1-ம் எண்ணில் இருக்கும் விரிசல் ஓடிப்போய் 'என்' எழுத்தோடு ஒரு சில்லு தொட்டியில் கிடக்கும்.

வைப்பதற்கு பி.வி.சி பை ஆகாது, அதிலிருந்து கசியும் அமிலம் செம்பில் பச்சைப் பிசினாக ஒட்டும். ஓக் மர அலமாரியும் ஆகாது, மரத்தின் அமில ஆவி துத்தநாகத்தில் வெள்ளைப் பூ பூக்கவைக்கும். பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத காகிதம், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. துத்தநாகத்தைத் தனி டப்பாவில் வையுங்கள்.


சில்லறைத்தட்டு

ரிப்பன் மடிப்புக்குள் டார்ச் அடித்தேன். உள்ளே மங்கல், வெளியே பளிச். துவைத்த ரிப்பன்.